நீ துளை போட்டுப் பார்த்த மண்

மகனே, ஞாயிற்றுக்கிழமை டெம்போ அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாய். அனுப்பாதே. நானும் உன் நைனாவும் தாம்பரத்துக்கு வரப்போவதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய். அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு அ, ஆ போட்டுக் கொடுத்த கைதானே, எழுத்து இன்னும் நேராகத்தான் வருகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. எழுதி முடித்ததும் நம் தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டப் போகிறேன். அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டுப் பெண் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்களை நீ ஏன் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். வயசாகிவிட்டது, நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் நீ சொன்னது பாதிதான். நம் வீட்டுக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம், சமையல் கேஸ் கம்பெனிக்காரன் பெரிய பெரிய டேங்குகளை வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறானே, அந்த இடத்து மண்ணைச் சோதித்தவன் நீ. அந்த மண் நல்ல மண் இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்று கையெழுத்துப் போட்டாய். போட்டுவிட்டு, தெருவில் இத்தனை குடும்பம் இருக்க, உன் அப்பா அம்மா இரண்டு பேரை மட்டும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகப் பார்க்கிறாய். உன்னைப் பெற்றவள் என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதலில் உன் நைனாவின் கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அப்போது சின்னவன், முழுசாக உன்னிடம் யாரும் சொன்னதில்லை. அவர் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டினார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் அமோனியா வாடை அடிக்கும், கொடியில் தனியாகக் காயப்போடுவேன். கேஸ் எப்படித் தண்ணீராகும் என்று நீ அவரை விடாமல் கேட்பாய். ஒருநாள் பெட்டிக்கடையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் லைட்டர் வாங்கி வந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரி ஆடியது. "பாத்துக்கடா. அமுக்கி அமுக்கி வெச்சா கேஸு தண்ணியாயிடும். கொஞ்சம் வழி வுட்டா மறுபடியும் கேஸாயி ஓடும். அது உள்ள சும்மா குந்திகினு கீதுன்னு நெனைக்காத. எப்படா வழி கெடைக்கும்னு பாத்துகினே கீது" என்றார். நீ அந்த லைட்டரை ரொம்ப நாள் பென்சில் பாக்சில் வைத்திருந்தாய். நான் சமையல் சிலிண்டரை ஈரத்துணியால் துடைப்பேன், மேல் பாதி சட்டென்று காய்ந்துவிடும், கீழே ஈரம் நிற்கும், ஈரம் நிற்கிற மட்டத்துக்குத்தான் கேஸ் இருக்கிறது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான். இந்தப் படிப்பெல்லாம் உனக்கு நம் வீட்டில்தான் ஆரம்பித்தது.

ஐஸ் கம்பெனியில் அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து தண்ணீர்தான். அமோனியா கொஞ்சம் கசிந்து கண் எரிந்தால் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வார்கள். வாடை அதிகமானால் ஹோஸ் பைப்பை எடுத்துக் காற்றில் தண்ணீரை அடிப்பார்கள், வாடை அடங்கிவிடும். வருஷக்கணக்காக அப்படித்தான் செய்தார்கள், அப்படித்தான் பிழைத்தார்கள். அன்றைக்குக் காலையில் ஏதோ ஒரு பைப்பு ஜாயின்ட் விட்டுப்போய், கேஸாக வராமல் தண்ணீராகவே கொட்டிவிட்டது. தரையில் பள்ளமான இடத்தில் தேங்கி, வெள்ளையாகப் புகைந்துகொண்டு கிடந்ததாம். பக்கத்தில் காதர் இருந்தார். நம் தெரு ஜுலேகாவின் புருஷன். நைனாவும் அவரும் ஒரே ஷிப்டு, ஒரே தட்டில் சாப்பிடுகிற தோஸ்துகள். காதர் வால்வை மூடப் போனார். உன் நைனா அவருக்கு உதவியாக, கையில் கிடைத்த பெரிய பக்கெட்டில் தண்ணீரை மொண்டு அந்தத் தேக்கத்தின் மேல் கொட்டினார்.

அந்தத் தேங்கின அமோனியா ஐஸை விடக் குளிர்ச்சி. அதற்கு நம் குழாய்த் தண்ணீரே கொதிக்கிற வெந்நீர். கொட்டின நொடியில் மொத்தமும் பொங்கிக் கிளம்பி, கூரை வரைக்கும் வெள்ளையாக நிறைந்துவிட்டது. உன் நைனாவை வாசல் பக்கம் நின்றவர்கள் இழுத்துப் போட்டார்கள். காதர் உள்ளே வால்வுக்குப் பக்கத்தில் இருந்தார். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவர் சில நாள் இருந்தார், பிறகு போய்விட்டார். உன் நைனாவுக்கு ஒரு கண் போனது, இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரியும், மூச்சு அன்றையிலிருந்து இன்றுவரை சரியாகவில்லை.

விசாரணைக்கு ஒரு ஆபீசர் வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "லிக்விட் மேல தண்ணி ஊத்தக்கூடாதுன்னு தெரியாதாய்யா? இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே" என்றார். கண்ணில் கட்டோடு உன் நைனா கேட்டார், "எல்லாருக்கும்னா யாருக்கு சார்? எனுக்கு யாரும் சொல்லலியே." ஆபீசர் பக்கத்தில் நின்ற கம்பெனி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் ஜன்னலைப் பார்த்தார். அந்த இன்ஜினியருக்குத் தெரிந்துதான் இருந்தது. கெட்டவர் இல்லை, தீபாவளிக்கு உனக்குப் பட்டாசு வாங்கிக் கொடுத்தவர். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் அந்த மனிதரை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. உன்னைப் பற்றி எழுதும்போது அவர் முகம் ஞாபகத்துக்கு வருகிறது, அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜுலேகா எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. யார் பக்கெட்டை எடுத்தது என்று ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். புருஷன் போன துக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா நாட்கள் முடிந்து வெளியே வந்ததும் நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தாள். நைனாவுக்கு முன்னால் உட்கார்ந்து, "அண்ணே, நீ இன்னா தெரிஞ்சா ஊத்தின?" என்றாள். உன் நைனா வாய்விட்டு அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் வாசலில் ஆப்பக் கடை போட்டாள். அவள் பெண் என் அங்கன்வாடியில்தான் வளர்ந்தாள். பரீட்சைக்குப் போகும்போது உனக்கு அவள் கொடுத்த தேங்காய்ப்பால் ஆப்பத்துக்குக் கணக்கே இல்லை. நீ இன்ஜினியரிங்கில் சேர்ந்தபோது தெருவில் முதலில் அவள்தான் எல்லோருக்கும் சொன்னாள். மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறான் என்றதும், "மண்ணுல படிக்க இன்னா கீது?" என்று சிரித்தாள். நீ கோபித்துக்கொண்டு அரை மணிநேரம் பாடம் எடுத்தாய், அவள் ஆப்பம் சுட்டுக்கொண்டே கேட்டாள்.

பின்பக்க நிலம் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய உப்பளத்துக் குட்டை. நாணலும் தண்ணீரும், மழை வந்தால் நம் வாசல் வரை தவளைச் சத்தம். முகத்துவாரத்தைத் தூர்வாரும்போது எடுத்த மணலைத் தண்ணீரோடு குழாயில் உறிஞ்சிக் கொண்டுவந்து அங்கே துப்பினார்கள். சேறும் மணலுமாக வந்து விழுந்து, தண்ணீர் வடிந்து, குட்டை மேடாகிவிட்டது. நம் பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். பிறகு மதில் வந்தது, பிறகு கம்பெனிப் பலகை வந்தது, பிறகு நீ வந்தாய். மூன்று கால் நட்ட கம்பமும் ஆட்களுமாக நீ வந்து இறங்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை பிறந்த தெருவிலேயே ஆபீசராக நிற்கிறான் என்று பால் காய்ச்சி, எல்லோருக்கும் டீ போட்டு, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மதில் சந்து வழியாக உள்ளே வந்தேன்.

அப்போது பார்த்ததை இப்போது சொல்கிறேன். குழாய் நுனியைத் துளைக்குள் இறக்கி, மேலே இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டு, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று நீ எண்ணுவாய். அடி நிறைய வாங்கினால் கெட்டி மண் என்று நீதான் எனக்கு விளக்கினாய். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது குண்டைத் தூக்கவே இல்லை, சும்மா வைத்த கனத்துக்கே குழாய் உள்ளே இறங்கியது. உன் ஆட்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, "சார், அடிக்கவே வேணாம் சார், தானா எறங்குது" என்றான். நீ சிரிக்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாய், அவன் வாயை மூடிக்கொண்டான். டீ ஆறுகிறது என்று நான் சொன்னேன். நீ எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ வேலைக் கவலை என்று நினைத்துக்கொண்டு காலித் தூக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டேங்க் வரப்போகிறது என்று தெரிந்ததும் தெருவில் எல்லோரும் கொதித்தார்கள். கம்பெனிக்காரன் ஒருவன் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, கலர் கலராகப் படம் காட்டினான். யாரும் நம்பவில்லை. மறியல் செய்யலாம், கோர்ட்டுக்குப் போகலாம் என்று பேச்சு. அப்போது ஜுலேகா எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டாள், "யக்கா, உம்புள்ளதானே மண்ணு பாத்துச்சி. அது இன்னா சொல்லுது?" பந்தலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். "எல்லாம் ரூல்ஸ்படிதான் செய்வாங்கம்மா, நீ கவலைப்படாத" என்றாய். நீ சரி என்று சொல்லவில்லை, சரியில்லை என்றும் சொல்லவில்லை. அதைக் கவனிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை, பெருமைதான் இருந்தது. போனை வைத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி சொன்னேன், "என் புள்ள பாத்துட்டான். பயப்பட ஒண்ணும் இல்ல." ஜுலேகா உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மறியல் நடக்கவில்லை. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான் சோறு ஊட்டியிருக்கிறேன், என் வார்த்தையை யாரும் சந்தேகப்படவில்லை.

டேங்குகள் வந்தன. அதற்குப் பிறகு உன் பெண்ணை நீ ஒரு ராத்திரிகூட நம் வீட்டில் தங்கவிடவில்லை. லீவு விட்டால் வந்து தாத்தா மடியில் கிடக்கிற பிள்ளை. கொசு என்றாய், டியூஷன் என்றாய், வெயில் என்றாய். காலையில் கொண்டுவந்து விட்டு, சாப்பிட்டதும் கூட்டிக்கொண்டு போனாய். உன் பெண்டாட்டிதான் மாமியார் வீடு கலீஜாக இருக்கிறது என்று சொல்கிறாள் போலிருக்கிறது என நினைத்து, அவளை மனசுக்குள் எத்தனையோ திட்டினேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு. நேரில் பார்க்கும்போதும் கேட்பேன்.

போன மாதம் லேசாக ஆடியது. எங்கேயோ கடலுக்குள் வந்த பூகம்பம், நமக்கு அதன் நிழல் மட்டும் என்று டிவியில் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டாண்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, தொங்கின பல்பு ஆடியது. நாங்கள் எல்லோரும் தெருவுக்கு வந்து, உனக்குத் தெரிந்ததா, எனக்குத் தெரியவில்லையே என்று சிரித்துக்கொண்டு நின்றோம். அதற்குள் உன் போன். இத்தனை வருஷத்தில் உன் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. படித்த பேச்செல்லாம் போய், சின்ன வயதுப் பேச்சு வந்துவிட்டது. "ம்மா, எங்க கீற? பின்னாடி மதில் ஓரமா பாரு. தரையில எங்கனா தண்ணியும் மண்ணுமா பொங்கிகினு வருதா?" என்றாய். "இன்னாடா பொங்கும்?" என்றேன். "பாரும்மா. இல்ல, வேணாம், நீ போவாத. நைனாவ கூட்டிகினு மெயின் ரோட்டுக்குப் போயிடு, சீக்கிரம்" என்றாய். நான் போய்ப் பார்த்தேன். மதில் ஓரம் காய்ந்துதான் கிடந்தது, ஒரு பூனை படுத்திருந்தது. ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் நீ எதையோ மறைக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். பயமில்லாதவன் அப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டான்.

சாயந்திரமே காரை எடுத்துக்கொண்டு வந்தாய். சமையலறையில் என் எதிரே பலகை போட்டு உட்கார்ந்தாய். உள்ளதைச் சொல்லாவிட்டால் சோறு போடமாட்டேன் என்றேன். அப்புறம்தான் சொன்னாய். "சின்ன வயசுல பீச்சுல ஈர மணல்ல ஒரே எடத்துல காலத் தட்டிகினே இருப்பேனே, கெட்டியா இருந்த மண்ணு கூழாயிடுமே, அதும்மா" என்றாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணுக்கால் வரை புதைந்து நின்றுகொண்டு, அம்மா பாரு பாரு என்று கத்துவாய், நான் உன்னைத் தூக்கி எடுப்பேன். மணல் துகள் ஒன்றின் மேல் ஒன்று தோள் கொடுத்துத்தான் மேலே இருக்கிற கனத்தைத் தாங்குகிறது, நடுவே இருக்கிற சந்தில் தண்ணீர் நிற்கிறது, நிலம் விடாமல் குலுங்கினால் துகள்கள் ஒன்றையொன்று விட்டுவிடும், அப்போது மொத்தக் கனமும் தண்ணீர் மேல் விழும், தண்ணீர் எதைத் தாங்கும் என்று கேட்டாய். குழாயில் வந்து விழுந்த மணல் இறுகவே இல்லை என்றாய். "டேங்க் வெடிக்கும்னு சொல்லலம்மா. அது நல்ல இரும்பு. ஆனா கீழ ஒரு பக்கம் எறங்கிச்சின்னா பைப்பு தாங்காது" என்றாய்.

உன் நைனா உள்ளறையில் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கேஸு மேல போவாதே. தரையோட தரையா தவழுமே" என்றார். அமோனியா மூக்கில் அறைந்து ஓடு என்று சொல்லும், காற்று இருந்தால் மேலே ஏறிவிடும். இது தரையைப் பிடித்துக்கொண்டு சாக்கடை வழியாக, கதவிடுக்கு வழியாக வரும், அடுப்பு எரிகிற வீடு எது என்று தேடி வரும். காலையில் தெருவில் முதலில் எரிகிற அடுப்பு ஜுலேகாவுடையது. நான் இதை நினைக்காமல் இருக்க முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை.

கல் தூண்களை ஆழத்துக்கு இறக்கி அந்த மணலை இறுக்கியிருக்கலாம், ரிப்போர்ட்டில் முதலில் நீ அப்படித்தான் எழுதியதாகச் சொன்னாய். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று உன் மேலதிகாரி எடுத்துவிடச் சொன்னார். "மெட்ராஸ்ல எங்கய்யா பூகம்பம்?" என்று கேட்டார். நீ எடுத்துவிட்டாய். நான் போடாவிட்டால் இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டிருப்பான் என்றாய். இருக்கலாம். அந்த இன்னொருத்தனுக்கு நான் கடிதம் எழுத முடியாது, அவன் அம்மா எழுதட்டும். பூகம்பம் வராமலே போகலாம், நம் ஆயுசுக்கும் வராமல் போகலாம் என்றும் சொன்னாய். "அப்ப ஏண்டா எங்களக் கூட்டிகினு போற?" என்று கேட்டேன். நீ எழுந்து கை கழுவப் போனாய். உன் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. நீ போன பிறகு அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை, காலையில் நானே தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதே. உன் கார் சத்தம் கேட்டதும் எனக்கு இருந்த நிம்மதியை நான் மறைக்கவில்லை. எங்களை விட்டுவிடாமல் ஓடிவந்தாயே என்று ஒரு நொடி குளிர்ந்துதான் போனேன். துணிமணிகூட எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு உன் நைனா சொன்னதைக் கேட்டுத்தான் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன். "இன்னாமே, நீ வேணா போ. நான் ஒருவாட்டி தெரியாம பண்ணி காதர சாவடிச்சேன். இப்ப தெரிஞ்சிகினே அவன் பொண்டாட்டி புள்ளைய இங்க வுட்டுட்டு தாம்பரத்துல போய் குந்திகினா, எனுக்கு இந்த மூச்சும் வேணாம்" என்றார். அவர் பார்வை இல்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

அதனால் உன்னிடம் ஒன்றைக் கேட்கிறேன். என்ன கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன். இந்தத் தெருவுக்கு வந்து, நீ சமையலறையில் என்னிடம் சொன்னதை இவர்களிடம் சொல்லு. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகும்போது கூட வந்து சொல்லு. உன் வேலை போகும். வேறு இடத்திலும் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். கோர்ட்டில் வழக்குகூடப் போடலாம். பெண்டாட்டியும் பிள்ளையும் உன்னை நம்பி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன்னைப் படிக்க வைக்க நானும் உன் நைனாவும் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அந்தப் படிப்பைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் நீ நினைத்துப் பயந்த மாதிரி டேங்கில் கேஸ் நிரப்பிவிடவில்லை, இன்னும் சும்மா தண்ணீர் ஊற்றித்தான் சோதிக்கிறார்கள் என்று காவலாளி சொல்கிறான். இப்போது சொன்னால் அந்த மணலை இறுக்க இன்னும் நேரம் இருக்கிறது. நிரப்பிய பிறகு நீ எவ்வளவு அழுது சொன்னாலும் யாரும் அதைக் காலி செய்யமாட்டார்கள்.

ஒரு தாய் சொல்லக்கூடிய புத்திமதி எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. பெரிய ஆபீசர்களிடம் எப்படிப் பேசுவது என்று உனக்குத்தான் தெரியும். நான் பார்த்தது ஒன்றுதான். அந்த ஐஸ் கம்பெனி இன்ஜினியர் ஒரு நாள், கம்ப்ரசர் ரூமில் டீ குடிக்கும் நேரத்தில், ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் காதர் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருப்பார். உன் நைனா உன் பெண்ணின் முகத்தைப் பார்த்திருப்பார். அவருக்கு அந்தப் பிள்ளையின் முகம் கையால் தடவிப் பார்த்ததுதான்.

இதுவரை எழுதியதை இன்றைக்குச் சாயந்திரம் தெருவில் வாசித்தேன். கம்பத்து விளக்கு போட்டதும் வாசல்களில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் பந்தலில் சொன்ன வார்த்தை வந்த இடத்தில் நான் தாளை மடியில் வைத்துவிட்டேன், எதிர்வீட்டுப் பெண்தான் வாங்கி மீதியை வாசித்தாள். உன்னைத் திட்டினார்கள். என்னையும் திட்டினார்கள், சில பேர் எழுந்தே போய்விட்டார்கள். சின்ன வயதிலிருந்து நான் வளர்த்தவன் ஒருவன், "உன்ன நம்பித்தானே டீச்சர் சும்மா இருந்தோம்" என்றான். 

எல்லோரும் போன பிறகும் ஜுலேகா உட்கார்ந்திருந்தாள். உன் நைனாவும் நாற்காலியில் அப்படியே இருந்தார். அவள் மதிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தலில் கேட்ட மாதிரியே என்னைக் கேட்டாள், "யக்கா, உம்புள்ள வந்து சொல்லுமா?" போன தடவை உன் வாயில் வராத வார்த்தையை நானாகச் சொன்னேன். இந்தத் தடவை எனக்குத் தெரியாது என்றேன், அவனையே கேட்டுக்கோ என்று உன் நம்பரை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். காலையில் ஆப்ப வியாபாரம் முடிந்ததும் அவள் உனக்குப் பேசுவாள். நம்பர் உனக்குத் தெரியாததாக இருக்கும். மீட்டிங்கில் இருந்தாலும் எடு.